இருபத்து நான்கு சுருதிகளில் ஒரு வாழ்வு
இசை மேதை பிரெடெரிக் ஷோப்பான்

நமது பாடகர் குழுவினர் ஒரே பாடலை ஒரு ஞாயிறு ஒரு கட்டையிலும், மறு ஞாயிறு வேறொரு கட்டையிலும் பாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். மெட்டு ஒன்றுதான், ஆயினும் கேட்போர் உள்ளத்தில் எழும் உணர்வு சற்றே மாறுகிறது. மேற்கத்திய இசையில் இத்தகைய சுருதிகள் மொத்தம் 24. பன்னிரண்டு சுரங்கள் ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு மேஜர் என ஒன்றும், மைனர் என ஒன்றும் உண்டு. இந்த 24 சுருதிகளுக்கும் தனித்தனியே ஒரு சிறு பியானோ இசை அமைத்து, ஒவ்வொன்றின் குணத்தையும் வெளிப்படுத்திய ஒருவரின் வாழ்வை இந்த ஜூபிலி மலரில் சிந்திக்க விழைகிறோம்.

பிரெடெரிக் ஷோப்பான் 1810-ஆம் ஆண்டு போலந்து நாட்டில், வார்சா நகருக்கு அருகேயுள்ள ஷெலாசோவா வோலா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சு நாட்டவர். தாய் யுஸ்தினா பக்தி மிகுந்த போலந்துப் பெண்மணி. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் புரோகூவ் ஊர்ப் பங்கு ஆலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. பள்ளி மாணவராய் இருந்தபோதே வார்சாவில் மினவுதல் சபைக் கன்னியரின் ஆலயத்தில், மாணவர்களின் வழிபாட்டுக்கு ஆர்கன் வாசித்தார்.

1830 நவம்பர் 2-ஆம் நாள் வார்சாவை விட்டுப் புறப்பட்டார். அதே மாத இறுதியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. ஷோப்பான் தாய்நாட்டு மண்ணை மீண்டும் மிதிக்கவே இல்லை. பாரிஸ் நகரில் புகழும் பொருளும் கிடைத்தன. ஆனால் இளமையில் பழகிய விசுவாச வாழ்வு மெல்ல மெல்ல நழுவியது. எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையாருடன் திருமணமின்றி வாழ்ந்தார். திருவருட்சாதனங்களை விட்டு விலகினார். இதை மறைத்து எழுதுவது அவருக்குப் பெருமை சேர்ப்பது ஆகாது.

1838-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், உடல்நலம் தேறும் என்னும் நம்பிக்கையுடன் அம்மையாரோடும் அவருடைய பிள்ளைகளோடும் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவுக்குச் சென்றார். மழையும் குளிரும் வாட்ட, இருமல் முற்றியது. காசநோய் என்று அஞ்சிய வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றினார். கடைசியில் இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? வால்டெமோசா என்னும் மலையூரில், கார்த்தூசியன் துறவிகளின் பழைய மடத்தில்! 1835-இல் அரசு துறவியரை வெளியேற்றிவிட்டதால் மடம் வெறிச்சோடிக் கிடந்தது. பல தலைமுறைகளாய் மௌனத்திலும் செபத்திலும் துறவிகள் வாழ்ந்த அந்த அறைகளில் ஒன்றில், நோயாளியான இவர் இசை எழுதினார்.

பாரிஸிலிருந்து வரவேண்டிய பியானோ சுங்கச் சாவடியில் வாரக்கணக்கில் தங்கிவிட்டது. தரம் குறைந்த உள்ளூர்ப் பியானோ ஒன்றுதான் துணை. செபஸ்தியான் பாக், 1722-இல் 24 சுருதிகளுக்கும் இசையமைத்துத் தொகுத்த நூலை உடன் கொண்டு சென்றிருந்தார். சில ஆண்டுகளாகவே எழுதி வந்த தம் தொகுப்பை 1839 ஜனவரியில் அங்கு நிறைவு செய்தார். அதை வாங்கியவர் பியானோ செய்து விற்ற பிளேயல். விலை 2,000 பிராங்க்.

இவ்விசைகளுக்குப் பிரெலூட் என்று பெயர். பெரும்பாலானவை இரண்டு நிமிடமும் நீடிப்பதில்லை. நான்காவதில் வலக்கை மெட்டு ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்க, இடக்கை படிப்படியாய்க் கீழிறங்குகிறது. பெருமூச்சு விடுவது போல் இருக்கும். ஏழாவது, தாய்நாட்டு நடனத்தின் சாயலில் பதினாறே தாளக்கட்டுகள். இருபதாவது, சவ ஊர்வலம் கடந்து போவதுபோல் கனத்து ஒலித்துப் பின் மெலிகிறது. இருபத்து நான்காவது புயலாய்ச் சுழன்று, அடித்தளத்தில் மூன்று தனி அடிகளுடன் முடிகிறது. ஷோப்பான் எதற்கும் பெயர் சூட்டவில்லை. மழைத்துளியின் ஓசையை இசையில் எழுதினாரோ என்று அம்மையார் கேட்டபோது சினங்கொண்டாராம். வெளியோசையை அல்ல, உள்ளத்தையே எழுதினார்.

இவற்றை அவர் அடுக்கிய முறையும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மேஜர் சுருதிக்கும் அடுத்தாற்போல் அதன் உறவு மைனரை வைத்தார். இரண்டுக்கும் உரிய ஏழு சுரங்களும் ஒன்றே. ஆதாரம் மட்டுமே வேறு. மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் இறைவன் தந்த சுரங்கள் ஒன்றே என்று இதனின்று நாம் கற்றுக்கொள்ளலாம்.

1847-இல் ஜார்ஜ் சாண்ட் அம்மையாரின் உறவு முறிந்தது. 1848 நவம்பரில் இலண்டனில், போலந்து அகதிகளின் நலனுக்காகக் கடைசியாக மேடையேறினார். மறு ஆண்டு பாரிஸில் படுத்த படுக்கையானார். அவரைத் தேடிச் சென்றார் அலெக்சாந்தர் யெலோவிஸ்கி என்னும் குருவானவர். அவரும் நாடிழந்த போலந்துக்காரர், பழைய நண்பர். நோயாளி முதலில் இணங்கவில்லை. குருவானவர் வற்புறுத்திச் சண்டையிடவில்லை, கைவிட்டும் போகவில்லை. தாயின் விசுவாசத்தை நினைவூட்டினார். மீண்டும் மீண்டும் சென்றார். அக்டோபர் 13 அன்று ஷோப்பான் பாவசங்கீர்த்தனம் செய்து, திவ்ய நற்கருணையும் அவஸ்தைப்பூசுதலும் பெற்றார் என்று அக்குருவானவரே எழுதிய கடிதம் விவரிக்கிறது. 17-ஆம் நாள் விடியுமுன் உயிர் பிரிந்தது. வயது 39.

மதலேன் ஆலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலியில் மோசார்ட்டின் இரங்கற்பாவோடு, அவருடைய நான்காம், ஆறாம் பிரெலூட்களும் ஆர்கனில் ஒலித்தன. உடல் பாரிஸில் அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் தமக்கை லுத்விகா வார்சாவுக்குக் கொண்டு சென்றார். அது இன்றும் திருச்சிலுவை ஆலயத் தூண் ஒன்றினுள் இருக்கிறது. அங்குள்ள நினைவுச்சின்னத்தில் மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரம் 21-ஆம் வசனம் பொறிக்கப்பட்டுள்ளது. 1944-இல் போரில் அவ்வாலயம் சிதைந்தபோதும் இதயம் காப்பாற்றப்பட்டு, 1945 அக்டோபர் 17 அன்று திரும்பி வந்தது.

அன்பார்ந்த பங்கு மக்களே, ஆலயத்தை விட்டு விலகி நிற்கும் மகனோ மகளோ, அண்ணனோ தங்கையோ இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ஷோப்பானுடைய தாயின் செபம் நாற்பது ஆண்டுக்குப் பின் பலித்தது. நண்பராகிய குருவானவரின் பொறுமை அதற்குக் கதவு திறந்தது. இந்த ஜூபிலி ஆண்டில் நாமும் ஒருவர் வீட்டுக் கதவையேனும் தட்டுவோம். முதன்முறை திறவாவிடினும் மறுபடியும் செல்வோம்.