கூடைப்பந்து தந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

நதிமூலமும் ரிஷிமூலமும் காண முயலலாகாது என்பது முதியோர் வாக்கு. விளையாட்டின் மூலத்தையும் அவற்றோடு சேர்த்துக் கூறலாம். பந்தாட்டங்களுட் பெரும்பாலானவற்றை முதன்முதல் ஆடியவர் யார், ஆடிய நாள் யாது என்று எவராலும் அறுதியிட்டுரைத்தல் இயலாது. இதற்கு விலக்காயுள்ளது கூடைப்பந்து. அதனை வகுத்தவர் இன்னார், வகுத்த இடம் இன்னது, ஆடிய நாள் இது என யாவும் தெளிவாய் விளங்குகின்றன. ஆயினும் அவ்வாட்டத்தை ஆடுவோருள்ளும், அதனை உலகிற்கு அளித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் வரலாற்றை அறிந்தவர் சிலரே. வெற்றி ஒன்றே விளையாட்டின் பயன் என்று எண்ணுவோர் ஊன்றிக் கற்கத்தக்கது அவருடைய வாழ்க்கை.

நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் தேதி, கனடா தேசத்தில் ஒன்டேரியோ மாகாணத்தைச் சார்ந்த அல்மான்ட் என்னும் ஊருக்கருகே பிறந்தார். அவருக்கு ஏறத்தாழ ஒன்பது வயதாயிருந்தபொழுது, 1870-ஆம் ஆண்டில், தந்தையும் தாயும் டைபாய்டு சுரத்தினால் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தாய்மாமனாகிய பீட்டர் யங் என்பவர் அநாதையாகிய சிறுவனைத் தம் பண்ணையில் வைத்து வளர்த்தார். பண்ணை வேலை கடுமையானது, கையிற் காசில்லை. பதினைந்து வயதளவில் நெய்ஸ்மித் பள்ளியை விட்டு நீங்கி, காடுகளில் மரம் வெட்டும் கூட்டத்தாருடன் சேர்ந்து உழைக்கலானார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்தபின், கல்வியின் அருமையை உணர்ந்து, தம்மினும் மிக இளைய சிறுவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்க மீண்டும் பள்ளிக்குச் சென்றார். வளர்ந்த வாலிபன் ஒருவன் முதற்படியிலிருந்து மறுபடியும் தொடங்குவதற்கு எத்துணை மனவலிமை வேண்டுமென்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்தவர். பிற்காலத்தில் அவர் அமைத்த ஆட்டம் புதியவரை அஞ்சவைக்காத ஆட்டமாக அமைந்தது வியப்பன்று.

1883-ஆம் ஆண்டில் மாண்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையிற் சேர்ந்து பட்டம் பெற்ற அவர், பின்னர் குருத்தொழிலை நாடி அந்நகரத்துப் பிரெஸ்பிட்டேரியன் கலாசாலையில் வேதசாஸ்திரம் பயின்று, 1890-இல் அக்கல்வியை முடித்தார். உடல்வலிமை மிக்கவராதலின் கால்பந்து முதலிய ஆட்டங்களிலும் முன்னணியில் நின்றார். குருவாக விரும்பும் ஒருவருக்கு முரட்டு விளையாட்டு தகுமோ என்று நண்பர் சிலர் ஐயுற்றனர். ஒருநாள் ஆட்டக்களத்தில், அவர் அருகே நின்ற ஆட்டக்காரர் ஒருவர் கோபத்தாற் கடுஞ்சொல் ஒன்றைக் கூறிவிட்டு, நெய்ஸ்மித் பக்கத்தில் இருப்பதைக் கண்டு உடனே நாணி மன்னிப்பு வேண்டினார். நெய்ஸ்மித் அவரை ஒருபோதும் கண்டித்தவர் அல்லர். பிரசங்க பீடத்தினின்று ஆற்றக்கூடிய நன்மையை ஆட்டக்களத்தில் நின்றும் ஆற்றலாம் என்னும் உண்மை அன்று அவருள்ளத்திற் பதிந்தது. ஆகவே அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலைக்குச் சென்று, முதலில் மாணாக்கராகவும் பின்பு ஆசிரியராகவும் விளங்கினார்.

1891-ஆம் ஆண்டின் குளிர்காலம் அவருக்குப் பெருஞ்சோதனையாய் வந்தது. பனி மூடிய மாதங்களில் வெளியே ஆடவியலாது. தேகப்பயிற்சிச் சாலைக்குள் நடைபெறும் அணிநடையும் கருவிப்பயிற்சியும் மாணாக்கருக்குச் சலிப்பையே தந்தன. பதினெண்மர் அடங்கிய ஒரு வகுப்பு, தனக்கு முன் நியமிக்கப்பட்ட ஆசிரியர் இருவரையும் சோர்வுறச் செய்துவிட்டது. தேகப்பயிற்சிப் பகுதியின் தலைவராகிய லூதர் கூலிக், அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்புவித்து, இரண்டு வாரத்திற்குள் அவர்களுக்கேற்ற புதிய உள்ளரங்க ஆட்டமொன்றைக் காணுமாறு பணித்தார். நெய்ஸ்மித் முதலிற் பழைய ஆட்டங்களைச் சுவர்களுக்குள் கொணர முயன்றார். கால்பந்தும், வலைக்கோல் கொண்டு ஆடும் லக்ரோஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனற்றுப் போயின. இடம் குறுகியதாதலின் ஆட்டம் மோதலாய் முடிந்தது, அடிபட்டோர் பலர். தவணையும் முடியலாயிற்று.

குற்றம் மாணாக்கரிடத்தில் என்று சொல்லி அவர் தப்பித்துக் கொண்டிருக்கலாம். அவரோ, குற்றம் ஆட்டத்தின் அமைப்பிலே என்று துணிந்தார். ஆட்டக்காரர் ஏன் மோதுகின்றனர்? பந்தைக் கையிற்கொண்டு ஓடுபவனைத் தடுத்து நிறுத்தற்கு. ஆகவே, பந்துடன் ஓடலாகாது என்று விதித்தால் மோதலுக்கே இடமில்லை. பந்து பெரியதாயும் எளிதாயும் இருப்பின், முன்பழக்கமில்லாதவனும் அதனைப் பிடிக்கலாம். மட்டையும் கோலும் வேண்டா. இலக்கு தரையில் நின்றால் பந்தை வன்மையாய் எறிவர். தலைக்குமேல் கிடையாய் அமைந்தால் மெல்ல வளைத்து எறிவர். இவ்விறுதிக் கருத்தை அவருக்கு நல்கியது இளமையில் ஆடிய ஒரு சிற்றூர் விளையாட்டு. பாறையொன்றின்மேல் வைத்த சிறுகல்லைத் தூரத்தினின்று கல்லெறிந்து வீழ்த்தும் அவ்வாட்டத்தில், வேகமாய் எறிந்தவனினும் வளைத்து எறிந்தவனே வென்றான் என்பது அவர் நினைவிற்கு வந்தது.

பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. தட்டச்சிட்ட இரண்டு தாள்களில் அவை அறிவிப்புப் பலகையில் இடம்பெற்றன. இலக்கிற்குப் பெட்டிகள் வேண்டுமென்று கேட்டபொழுது, கட்டடக் காவலாளி பீச்சுப்பழக் கூடைகள் இரண்டைக் கொணர்ந்தார். தரையினின்று 10 அடி உயரத்திலிருந்த மாடத்தில் அவை ஆணியால் அறையப்பட்டன. அம்மாடம் தற்செயலாய்க் கொண்டிருந்த உயரமே இன்றளவும் கூடையின் உயரமாய் நிலைத்துள்ளது. 1891 டிசம்பர் 21-ஆம் தேதி, பக்கத்திற்கு ஒன்பதின்மராக அவ்வகுப்பார் முதல் ஆட்டத்தை ஆடினர். வில்லியம் சேஸ் என்பவர் எறிந்த பந்தொன்றே கூடையில் வீழ்ந்தது. ஆட்டத்திறம் அங்கே மிகுதியாய் இருந்ததென்று கூறுதற்கில்லை. ஆனால் ஒருவரும் சலித்து விலகவில்லை. அடங்காதோர் எனப் பெயர்பெற்ற அவ்வகுப்பே புதிய ஆட்டத்தின் முதற்பள்ளியாயிற்று. ஆட்டத்திற்கு நெய்ஸ்மித்தின் பெயரையே இடலாமென்று ஒரு மாணாக்கர் கூற, அவர் நகைத்து மறுத்தார்.

சில வாரங்களுக்குள், அருகிலிருந்த பள்ளியொன்றின் ஆசிரியைகள் ஆரவாரத்தைக் கேட்டு வந்து பார்த்து, தாங்களும் ஆடலாமோ என்று வினவினர். பெண்கள் ஓடியாடுதல் தகாதென்று பலர் கருதிய காலம் அது. நெய்ஸ்மித் தயங்காது இசைந்தார். நீண்ட பாவாடைகளோடும் புடைத்த சட்டைக் கைகளோடும் அவர்கள் களத்தில் இறங்கினர். அவ்வாறு ஆடிய பெண்களுள் ஒருவராகிய மாட் ஷெர்மன் என்பாரை அவர் 1894-இல் மணம்புரிந்தார். அண்மையிலிருந்த ஸ்மித் பெண்கள் கலாசாலையின் ஆசிரியை சென்டா பெரன்சன், விதிகளைச் சிறிது மாற்றித் தம் மாணவியரிடையே அவ்வாட்டத்தைப் பரப்பினார்.

டென்வர் நகரில் வைத்தியக்கல்வி கற்று 1898-இல் பட்டம் பெற்ற நெய்ஸ்மித், அவ்வாண்டே கான்சாஸ் சர்வகலாசாலையில் தேகப்பயிற்சி ஆசிரியராயும் ஆலயப் பணிக்குத் தலைவராயும் அமர்ந்தார். அங்கே கூடைப்பந்து அணியையும் ஒன்பது பருவங்கள் நடத்தினார். முடிவு யாது? 55 ஆட்டங்களில் வெற்றி, 60-இல் தோல்வி. அச்சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்றுநர்களுள் வெற்றியினும் தோல்வி மிகுதியாய்ப் பெற்றவர் அவ்வாட்டத்தைப் படைத்தவர் ஒருவரே! இவ்வாட்டம் ஆடுதற்குரியதேயன்றிப் பயிற்றுவித்தற்குரியதன்று என்பது அவர் கொள்கை. போட்டிக்குச் செல்கையில் சில வேளைகளில் அவரே நடுவராயும் நின்றார். அவருடைய மாணாக்கரும், அவருக்குப்பின் அணியை ஏற்றவருமாகிய பாரஸ்ட் ஆலன் இக்கொள்கையை ஏற்கவில்லை. முறையான பயிற்சியால் வெற்றி வருமென்று வாதித்து, அதனைச் செயலிலும் காட்டி, கான்சாஸ் அணிக்கு 590 வெற்றிகளைத் தேடித் தந்தார். பயிற்சியின் ஆற்றலைக் குறித்த வரையில் மாணாக்கர் கூற்றே உண்மையாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. எனினும் விளையாட்டு எதற்காக என்னும் வினாவிற்கு ஆசிரியர் தந்த விடை இன்னும் பழுதுறவில்லை.

அவ்விடையின் பொருளை மற்றொரு நிகழ்ச்சி விளக்கும். 1933-ஆம் ஆண்டில் ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பின வாலிபர் தேகப்பயிற்சி கற்கக் கான்சாசுக்கு வந்தார். நிறவேற்றுமை காரணமாக அவர் சர்வகலாசாலை அணியில் ஆட இடம்பெறவில்லை. முதியவராகிய நெய்ஸ்மித்தால் அவ்வநீதியை அகற்ற இயலவில்லை; ஆயினும் அவ்வாலிபரைத் தம் மாணாக்கராக ஏற்று, அன்போடு நெறிப்படுத்தினார். களத்தில் ஆடவிடப்படாத அம்மாணாக்கர், பிற்காலத்தில் தம் கலாசாலை அணியை 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து தேசிய வெற்றிக்கு உரியதாக்கிப் புகழ்பெற்ற பயிற்றுநரானார்.

1936-ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. நெய்ஸ்மித்திடம் வழிச்செலவிற்குப் பொருளில்லை. ஆலன் முதலியோர் முயன்று நிதி திரட்டி அவரை அனுப்பினர். மழையிற் சேறாகிய திறந்தவெளிக் களத்தில் அமெரிக்கா கனடாவை 19-க்கு 8 என்ற கணக்கில் வென்றது. பிறந்த நாடும் புகுந்த நாடும் எதிர்நின்று ஆடியதைக் கண்ட அவர், பரிசுகளைத் தம் கையாலே வழங்கினார். 1939 நவம்பர் 28-ஆம் தேதி லாரன்ஸ் நகரில் உயிர்நீத்தார். அவர் அவ்வாட்டத்தால் செல்வம் சேர்த்தவரல்லர். அவருடைய பதின்மூன்று விதிகள் அடங்கிய அவ்விரு தாள்களோ 2010-ஆம் ஆண்டில் 43 லட்சம் டாலருக்குமேல் ஏலத்தில் விலைபோயின.

நம் நாட்டிற்கும் அவ்வூற்றினின்று ஒரு வாய்க்கால் வந்துளது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-ஆம் ஆண்டில் சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத் தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவியவர்.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் பந்தைத் தொடவும் கூசி, களத்தின் ஓரத்தில் நிற்கின்றோம். நம்மிற் சிலருக்கு அத்தகையோரை ஓரணியாய்ச் சேர்த்து ஆட்டம் கற்பிக்கும் பொறுப்பு என்றேனும் வாய்க்கலாம். அந்நாளில், வல்லவர் நால்வரைத் தெரிந்து மற்றவரை இருக்கையில் அமர்த்தும் எண்ணம் எழுமாயின், நெய்ஸ்மித் தம் வகுப்பாருள் ஒருவரையும் விலக்காது ஆட்டத்தையே மாற்றினார் என்பதை நினைவு கூர்வோமாக. அவர் தோற்ற அறுபது ஆட்டங்களும் ஏடுகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவர் எல்லோருக்குமாகத் தொங்கவிட்ட கூடையோ உலகெங்கும் தொங்குகின்றது.