வேதாரணியம் தந்த விரத சீலர் சர்தார் வேதரத்தினம்

பிறரிடத்தில் உள்ள நற்குணத்தைக் கண்டு உள்ளம் மகிழ்தலைப் பிரமோத பாவனை என நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். குணமுடையார் எச்சமயத்தார், எக்குலத்தார் என வினவாது போற்றுதலே அப்பாவனைக்கு அழகு. அம்முறையில் இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்வது, சோழநாட்டுக் கடற்கரையில் பிறந்து, அகிம்சை நெறியைத் தம் இல்லறத்திற்குரிய விரதமாகவே ஏற்று ஒழுகிய சர்தார் அ. வேதரத்தினம் பிள்ளை அவர்களின் வரலாறாகும். நாளை என்ன நேரும் என்று அறிய இயலாத காலத்தில் ஒருவர் தமக்கென ஒரு குறிக்கோளை எவ்வாறு வகுத்துக்கொள்வது, வகுத்ததை எவ்வாறு நிறைவேற்றுவது என்னும் வினாவிற்கு அன்னாரது வாழ்வு நல்லதொரு விடையாக அமைந்துள்ளது.

உப்பு விளையும் மண்

காவிரி பாயும் தஞ்சைத் தரணி தென்கிழக்கே கடலைத் தொட்டு முடியும் முனையே கோடியக்கரை. குழகர் கோயிலும், வெளிமான்கள் உலவும் காடும், பனிக்காலத்தில் நெடுந்தொலைவிலிருந்து பறவைகள் வந்து தங்கும் சதுப்பு நிலமும் அதற்குச் சிறப்பு. அதற்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் வேதாரணியம், இரண்டிற்கும் இடையில் அகத்தியம்பள்ளி. இப்பகுதி முன்னாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் அடங்குகிறது. மேற்கே சில மைல் சென்றால் பசுமையான நெல்வயல். இங்கோ வெண்மையான உப்பு வயல்.

இக்கரையில் வாழ்வோர் நிலையின்மையை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டின் பெரும்புயலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலும் இம்மக்களின் உழைப்பைப் பலமுறை அழித்துள்ளன. பருவம் தவறிய ஒரு மழை பெய்தாலும் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். ஆயினும் மழை நின்றதும் உப்பளத் தொழிலாளர் மீண்டும் வரப்பைச் சீர்செய்து, பாத்தி கட்டி, நீரைத் தேக்குகின்றனர். இம்மண்ணில்தான் நம் கதைத்தலைவர் தோன்றினார்.

பிறப்பும் இளமையும்

வேதரத்தினம் அவர்கள் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் வேதாரணியத்தில் அப்பாக்குட்டி பிள்ளை, தங்கம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். தாயுமான சுவாமிகளின் மரபில் வந்த சைவக் குடும்பம் அது. ஊரில் மதிப்பும், வணிகமும், உடைமையும் உள்ள வாழ்வு. அமைதியாகத் தொழிலைக் கவனித்துவந்தால் ஒரு குறையும் நேர்ந்திராது. ஆயினும் காந்தியடிகளின் இயக்கம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. இளமையிலேயே காங்கிரஸ் பணியில் ஈடுபட்டார்.

காந்தியடிகளின் வாழ்விற்கும் நம் சமயத்திற்கும் உள்ள தொடர்பை வாசகர்கள் நன்கு அறிவர். 1888இல் அவர் இங்கிலாந்து செல்லும் முன், தாயார் அஞ்சியபோது, பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என உறுதி ஏற்றார். கடல் கடந்த நாட்டில் என்னென்ன இடர் வரும் என்று அன்று எவரும் அறியார். அறியாத எதிர்காலத்தை அடக்கியாள முயலாமல், தம் நடத்தைக்கு மட்டும் ஓர் எல்லை வகுத்துக்கொண்டார். பின்னர் 1891இல் மும்பையில் ஸ்ரீமத் ராஜசந்திரரின் நட்பு கிட்டியது. அவ்வுறவு அகிம்சைப் பற்றை மேலும் ஆழமாக்கியது. விரதம் ஏற்றலே செயலுக்கு முதற்படி என்னும் இம்முறை, காந்தியடிகள் வழியாகத் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை பரவிற்று.

1930ஆம் ஆண்டுச் சோதனை

உப்பின் மீது அந்நிய அரசு வரி விதித்திருந்தது. அரசின் உரிமம் இன்றி உப்பு எடுத்தலும் குற்றம். கடற்கரையில் தானே உறைந்த உப்பை ஏழை ஒருவர் கஞ்சிக்கு அள்ளினாலும் குற்றம். இதனை எதிர்த்துக் காந்தியடிகள் 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பை எடுத்தார். தமிழகத்திலும் அத்தகைய அறப்போர் நிகழ வேண்டும் என இராஜாஜி உறுதிகொண்டார். எக்கடற்கரையைத் தேர்வது என்ற வினா எழுந்தபோது, தம் ஊராகிய வேதாரணியத்தை முன்மொழிந்தவர் வேதரத்தினம்.

இம்முடிவின் பொருளை நாம் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். தொண்டர்கள் வெளியூர்களிலிருந்து வருவோர். போராட்டம் முடிந்தபின் தத்தம் ஊர் திரும்புவர். இவரோ அவ்வூரிலேயே வீடும் வாசலும் உடையவர். அரசின் சினம் முதலில் இறங்கக்கூடிய இடம் அவருடைய இல்லமே. அப்போது அவருக்கு வயது 33. போராட்டம் வெல்லுமா, அரசு எத்தனை ஆண்டு சிறையிடும், குடும்பம் என்னாகும் என்னும் எவற்றிற்கும் உறுதியான விடை கிடையாது. அவர் கையில் இருந்தது ஒன்றே: தம் ஊருக்கு வரும் தொண்டர்களுக்கு இடமும் உணவும் அளித்து, அவர்கள் உப்பை அள்ளும் நாள்வரை உடன்நிற்றல். அதனையே தம் குறிக்கோளாக வகுத்துக்கொண்டார்.

தமிழ்ப் புத்தாண்டு நாளான ஏப்ரல் 13 அன்று, திருச்சிராப்பள்ளியில் மருத்துவர் தி. சே. சௌ. ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து, சுமார் 100 தொண்டர்களுடன் இராஜாஜி புறப்பட்டார். ஏறத்தாழ 150 மைல் தொலைவு. தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகக் காவிரிக் கழனிகளினூடே நடந்தனர். கரந்தை ஆதிநாதர் ஆலயமும், கும்பகோணத்துச் சந்திரப்பிரபர் ஆலயமும், மன்னார்குடி மல்லிநாதர் ஆலயமும் விளங்கும் ஊர்கள் இவ்வழியில் உள்ளன என்பது நம்மவர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என அறிவித்தார். கும்பகோணத்தில் ஆதரவு நல்கிய பந்துலு ஐயர் தண்டிக்கப்பட்டார். ஆயினும் மக்கள் பின்வாங்கவில்லை. தொண்டர்கள் செல்லும் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வைத்தனர். கொடுத்தவர் யாரென்று அரசும் அறியவில்லை, உண்டவரும் அறியவில்லை. பெயர் விளம்பாது அளித்த இதனைவிடச் சிறந்த ஆகார தானத்தை எங்குக் காண்போம்?

ஏப்ரல் 28 அன்று தொண்டர்கள் வேதாரணியம் சேர்ந்தனர். வேதரத்தினம் பாசறை அமைத்து அவர்களை வரவேற்றார். ஏப்ரல் 30 அன்று இராஜாஜி 16 தொண்டர்களுடன் அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்பு உறைந்துகிடந்த இடத்திற்குச் சென்று உப்பை அள்ளினார்; உடனே கைது செய்யப்பட்டார். தலைவர் சிறைசென்ற பின்னும் தொண்டர்கள் அணியணியாகச் சென்று உப்பை அள்ளினர். அடி விழுந்தபோதும் எவரும் கையோங்கவில்லை. உப்பு அறப்போரில் சிறைசென்ற முதல் பெண்மணி எனப் போற்றப்படும் ருக்மணி லட்சுமிபதியும் இங்கேயே கைதானார். அவ்வூர் நாவிதர் வைரப்பன், காவலருக்கு முகமழிக்க மறுத்துச் சிறை ஏற்றார். எளியவர் ஒருவர் தம் கத்தியைக்கொண்டே எவரையும் நோகச் செய்யாது அறப்போர் புரிந்தது, வேதாரணியத்தின் தனிப்பெருமை.

வேதரத்தினம் அவர்களும் சிறைத்தண்டனை ஏற்றார். உடைமை இழப்பையும் ஏற்றார். தேடிய பொருளைத் தாமாகத் துறத்தல் அரிது. பிறர் பறிக்கும்போது பகையின்றி விட்டுக்கொடுத்தல் அதனினும் அரிது. மிகுபொருள் விரும்பாமை என்று நாம் நாள்தோறும் ஓதும் அணுவிரதத்தை, அப்பெயரை அறிந்தோ அறியாமலோ, அவர் கடைப்பிடித்தார் என்றே கூறலாம். 1931இல் திருநெல்வேலியில் நடைபெற்ற மாநாட்டில் அவருக்குச் சர்தார் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது.

அவ்வாண்டு மார்ச் மாதம் ஏற்பட்ட காந்தி இர்வின் உடன்பாட்டால், கடற்கரை மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள இசைவு கிட்டியது. உப்பு வரி முற்றிலும் நீங்கியதோ 1947இல்தான். அதாவது, வேதரத்தினம் மேற்கொண்ட முயற்சியின் முழுப்பயன் விளைய 17 ஆண்டுகள் ஆயின. பயன் உடனே வரவில்லை என்று அவர் தம் பணியைக் கைவிட்டாரில்லை.

பெண்கல்விக்கு ஒரு குருகுலம்

அவருடைய இரண்டாவது குறிக்கோள் முதலாவதினும் நீண்டகாலம் நிலைத்தது. 1944 பிப்ரவரி 22 அன்று அன்னை கஸ்தூரிபா காவலில் இருந்தவாறே உயிர்நீத்தார். அவர் பெயரால் 1946இல் வேதாரணியத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை வேதரத்தினம் நிறுவினார்.

அக்காலத்தின் நிலையையும் எண்ணுக. உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. உணவுப்பொருளுக்குப் பங்கீடு. ஆட்சி எப்போது மாறும், எவ்வாறு மாறும் என்பது தெளிவாகாத நேரம். கடலோரச் சிற்றூரில் பெண்மக்களுக்கென விடுதியுடன் கல்விநிலையம் எழுப்ப இது காலமா எனச் சிலர் ஐயுறுவது இயல்பே. நல்ல காலம் வந்தபின் தொடங்குவோம் என்று அவரும் காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கும் ஆண்டுகளில் ஊர்ப் பெண்குழந்தைகள் கல்லாமலே வளர்ந்துவிடுவர் அல்லவா? ஆகவே உள்ளதைக்கொண்டு தொடங்கினார். கல்வியுடன் கைத்தொழிலும் எளிமையும் தன்னம்பிக்கையும் பெண்கள் பெறவேண்டும் என்பது அவர் நோக்கம்.

பல ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். பதவி வந்தபோதும் குருகுலத் தொண்டே அவர் நெஞ்சில் முதலிடம் பெற்றது. 1961 ஆகஸ்ட் 24 அன்று, தம் 64ஆம் வயதில் இயற்கை எய்தினார். 1998இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர் நட்ட குருகுலம் அவருக்குப் பின்னும் தழைத்து நிற்கிறது. புகழ்மாலை வாடினாலும் சாஸ்திர தானம் வாடாது என்பதற்கு அதுவே சான்று.

நாம் கொள்ளத்தக்கது

சர்தார் வேதரத்தினம் வாழ்வினின்று நாம் பெறும் பாடம் யாது? நிலையற்ற காலத்தில் பெரிய ஆசை பயன் தாராது. எல்லை வகுத்த சிறிய உறுதியே பயன் தரும் என்பதே. கடல் பரந்து கிடக்கிறது. அதன் நீர் முழுதும் உவர்ப்பே. எனினும் பாத்தி கட்டித் தேக்கிய நீரே உப்பாக விளையும். மனித ஆற்றலும் அத்தகையதே.

நம் சமயத்தின் இல்லற விரதங்கள் இவ்வுண்மையின் மீதே எழுந்தவை. ஐந்து அணுவிரதங்களும் இல்லறத்தார் தம் நிலைக்கேற்ப அளவோடு ஏற்பவை. இன்ன திசையில் இவ்வளவு தொலைவே செல்வேன் என வாழ்நாள் முழுமைக்கும் வரையறுப்பது திக்விரதம். அதனுள்ளும், இன்ன நாள்வரை இன்ன எல்லைக்குள் இருப்பேன் எனச் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். அருங்கலச்செப்பு கற்றோர் இவற்றை விரிவாக அறிவர். இடம், காலம், அளவு ஆகிய மூன்றும் இதில் தெளிவாக அமைந்துவிடுகின்றன. வேதரத்தினம் 1930இல் வகுத்த குறிக்கோளிலும் இம்மூன்றும் இருந்தன: இடம் தம் ஊர், காலம் அச்சித்திரை, அளவு வரும் தொண்டர்க்கு உணவும் உறைவிடமும். அரசை வீழ்த்துவேன் என்று அவர் சூளுரைத்தாரில்லை. தம் கைக்கு எட்டியதைத் தவறாது செய்தார். மற்றது காலத்தின் வினை.

இன்று நம் இளைஞர் பலர் படிப்பு முடிந்தும் வேலை உறுதியின்றித் தவிக்கின்றனர். பரம்பரை ஊர்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. ஊரில் உள்ள ஜினாலயத்தில் விளக்கேற்றவும் ஆளின்றிக் கவலைப்படும் முதியோரும் உளர். சமூகத்தின் எதிர்காலம் என்னாகும் என ஏங்குவதால் ஒரு திரியும் எரியாது. இவ்வாண்டு தசலட்சண பர்வம் முடியும்வரை நாள்தோறும் அரைமணி நேரம் சாமாயிகம் செய்வேன் எனவோ, மாதம் ஒருமுறை நம் ஊர்க் கோயிலுக்குச் சென்று வருவேன் எனவோ, ஓர் ஏழை மாணவியின் புத்தகச் செலவை இவ்வாண்டு ஏற்பேன் எனவோ ஒருவர் உறுதி ஏற்பாராயின், அது நிறைவேறக்கூடியது. நிறைவேறிய சிறு விரதம் அடுத்த விரதத்திற்கு வலிமை தரும். முறியும் பெருவிரதமோ மனத்தைத் தளர்விக்கும். ஆதலின் ஏற்பதற்கு முன் தம் ஆற்றலை அளந்து ஏற்றல் அறிவுடைமை.

வாய்ப்புள்ள அன்பர்கள் ஒருமுறை வேதாரணியம் சென்று உப்பு அறப்போர் நினைவிடத்தையும் குருகுலத்தையும் கண்டு, அப்படியே கோடியக்கரை வரை சென்றுவர வேண்டுகிறோம். உடன் பிள்ளைகளையும் அழைத்துச் செல்க. வழியில் வெயிலில் மின்னும் உப்புப் பாத்திகளைக் காட்டி, ஒரு பிடி உப்பிற்காகத் தம் உடைமையை இழக்கத் துணிந்த ஓர் இல்லறத்தாரின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்க.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!