ஜேம்ஸ் பார்க்கின்சன்: தெருவில் நோயைக் கண்டவர்

நடுக்குவாதத்திற்குப் பார்க்கின்சன் நோய் என்றொரு பெயர் உண்டு என்பதை நம்மில் பலர் அறிவோம். அப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் விழிப்போம். ஓராண்டுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் இருந்தேன். என் தாத்தாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியதும், அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் கேட்ட ஒரு கேள்வியுமே என்னை நூலகத்திற்கு அனுப்பின. கையைச் சற்று நேரம் சோதித்துவிட்டு, அவர் அப்பாயியின் பக்கம் திரும்பி, தாத்தா இரவில் எப்படித் தூங்குவார் என்று கேட்டார். நடுக்கத்திற்கும் தூக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், அக்காலத்தில் இலண்டன் நகரின் ஓரமாயிருந்த ஹாக்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் மருந்து கலப்பவர், அறுவை மருத்துவர். மகனும் அதே தொழிலை அதே ஊரில் வாழ்நாளெல்லாம் செய்தார்.

அதற்காக அவர் வீட்டோடு அடங்கிக் கிடந்த வைத்தியர் என்று எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், எளிய மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கம் ஒன்றில் சேர்ந்து, புனைபெயரில் அரசியல் துண்டு நூல்களை எழுதித் தள்ளினார். மன்னர் மூன்றாம் ஜார்ஜை நச்சு அம்பு எய்து கொல்லச் சதி செய்தனர் என்று சிலர் மீது குற்றம் சாட்டப்பட்டபோது, 1794-இல் அரசரின் ஆலோசனைச் சபை முன் நின்று விசாரணைக்குப் பதில் சொன்னார். பின்னர் புதைபடிவங்களின் மீது காதல் கொண்டு, அவை பற்றி 1804 முதல் 1811 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். 1807-இல் இலண்டன் நிலவியல் கழகத்தைத் தொடங்கிய பதின்மூவரில் அவரும் ஒருவர். நிலவியல் துறை நண்பர்கள் அவரைத் தங்களவர் என்று உரிமை கொண்டாடினால் எனக்கு மறுப்பில்லை.

அவரை நிலைக்கச் செய்த நூலோ மிகச் சிறியது. 1817-இல், தம் 62-ஆம் வயதில் வெளியிட்ட அந்த நடுக்குவாதக் கட்டுரைக்கு 66 பக்கங்கள்தாம். அதில் வரும் நோயாளிகள் ஆறு பேர். அந்த ஆறு பேரிலும் இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். அவர்களை நிறுத்தி விசாரித்து எழுதியிருக்கிறார். இன்னொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. முன்குனிந்த உடல், நடை ஓட்டமாக மாறிவிடும் விந்தை, ஓய்விலிருக்கும் கையில் நடுக்கம் ஆகிய யாவும் அப்பக்கங்களில் உள்ளன. கருவியென்று சொல்ல அவரிடம் இருந்தவை இரண்டு கண்கள் மட்டுமே.

தூக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. நோய் முற்றும்போது உறக்கம் கெடுவதையும், உறக்கத்திலேயே கைகால்கள் நடுங்கி நோயாளியை எழுப்பிவிடுவதையும், இறுதியில் ஓயாத தூக்கக் கலக்கம் சூழ்வதையும் எழுதினார். ஆனால் அவர் கண்ட தூக்கக் கேடு நோயின் பிற்பகுதிக்கு உரியது. தூக்கம் நடுக்கத்திற்கு முன்பே கெடக்கூடும் என்பது அவர் கண்ணில் படவில்லை. அறிவு மழுங்காது என்று எழுதியதும் பிழையே. நோயின் இருப்பிடம் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி என்றும், அது முகுளம் வரை பரவும் என்றும் ஊகித்தார். பிணத்தை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு தமக்குக் கிட்டவில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இந்த நேர்மைதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

1824 டிசம்பர் 21-இல் பக்கவாதத்தால் இறந்தார். அவருடைய உருவப்படம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அவர் பெயரில் உலவும் தாடிக்காரரின் புகைப்படம் வேறொருவருடையது. பார்க்கின்சன் காலத்தில் ஆள் படம் பிடிக்கும் கலையே பிறக்கவில்லை! சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்.

விட்டுப்போன தூக்கத்தின் கதை 1986-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கியது. கனவு காணும் உறக்கத்தில் நம் உடல் தசைகள் கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டைப் போடுவது மூளைத்தண்டு. ஷென்க், மஹோவால்டு என்னும் மருத்துவர்கள், அந்தக் கட்டு அவிழ்ந்து, கனவில் அடிப்பதை மெய்யாகவே அடிக்கும் முதியவர்களைப் பற்றி எழுதினர். பத்தாண்டு கழித்து, அவ்வாறான 29 ஆண்களில் 11 பேருக்கு நடுக்குவாத வகை நோய் வந்துவிட்டதை அவர்களே அறிவித்தனர். பல நாடுகளைச் சேர்ந்த 1280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேர் வீதம் இத்தகைய மூளைச் சிதைவு நோய்களுக்கு ஆளாயினர். நோயின் படிவுகள் பலரிடம் முகுளத்தில் முதலில் தோன்றி மேலேறுகின்றன என்று ஜெர்மானியர் பிராக் 2003-இல் காட்டினார். தெரு வைத்தியரின் ஊகம் முழுதும் வீண் போகவில்லை.

இன்று மூளையையே படம் பிடிக்கிறார்கள். கதிரியக்க அயோடின் சேர்ந்த மருந்தை ஊசியால் ஏற்றினால், டோபமின் சுரக்கும் நரம்பு முனைகளில் அது போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். நலமுள்ள மூளையில் அவ்விடம் இரண்டு காற்புள்ளிகள் போலத் தெரியும். நோயுற்றதில் வால் மறைந்து முற்றுப்புள்ளிகள் போலாகும். கை நடுங்கத் தொடங்காத, தூக்கத்தில் மட்டும் போராடும் சிலரிடமும் அந்த வால் தேயத் தொடங்கியிருப்பதைப் படம் காட்டிவிடுகிறது.

இவற்றைப் படித்த பிறகே மருத்துவரின் கேள்வி எனக்குப் புரிந்தது. ஈ எறும்புக்கும் தீங்கு நினையாத தாத்தா, கை நடுங்குவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பிருந்தே, நள்ளிரவில் யாரையோ விரட்டிக் கத்துவார், காலால் உதைப்பார். அப்பாயியின் தோளில் காயம் கண்ட நாட்கள் உண்டு. காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டினோம். அவர் மனத்தில் ஏதோ பழைய பகை இருக்கிறது என்று ஊரில் பேசியவர்களும் உண்டு. அந்தப் பேச்சுதான் அப்பாயியை அதிகம் வருத்தியது.

நான் படித்ததை அப்பாயியிடம் சொன்னேன். அன்றே தெரிந்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று கேட்டார். நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை என்பதையும், இப்படித் தூங்குவோர் எல்லாருக்கும் நோய் வருமென்று நாள் குறிக்க முடியாது என்பதையும் சொன்னேன். இரவுக் கொந்தளிப்பைத் தணிக்க மட்டும் மருந்து உண்டு; படுக்கையைத் தனியே போட்டிருக்கலாம், தலைமாட்டிலிருந்த டிரங்குப் பெட்டியை நகர்த்தி வைத்திருக்கலாம் என்றேன். அப்பாயி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய், திண்ணையில் இருந்த தாத்தாவிடம், அவருக்கு யார் மீதும் பகை இல்லையாம், மூளைத்தண்டுதான் காரணமாம் என்று உரக்கச் சொன்னார். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.