கம்பிவழிச் செய்தி தந்த சாமுவேல் மோர்ஸ்



நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் கணினி வலையமைப்புத் துறையில் சான்றிதழ்த் தேர்வு எழுதுவதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறார். பள்ளி விடுமுறையில் தோட்டத்திற்கு வந்திருந்தபோது, தம் பயிற்சி வினாக்களை என்னிடம் காட்டினார். கணினிகளை இணைக்கும் செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பது ஏன்? தொலைவு மிகுந்தால் இடையில் என்ன செய்ய வேண்டும்? செய்தி பிழையின்றிச் சேர இரு முனையிலும் எவ்விதிகள் ஒத்திருக்க வேண்டும்? இவை போன்ற வினாக்கள் அவை. கணினியைப் பற்றி நான் அதிகம் அறியேன். ஆயினும், ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாக்களுடன் ஓர் ஓவியர் போராடிய வரலாறு என் நினைவுக்கு வந்தது. அவரே சாமுவேல் மோர்ஸ்.

மோர்ஸ் 1791ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சார்ல்ஸ்டவுன் நகரில் பிறந்தார். தந்தையார் ஜெடிடையா மோர்ஸ் கிறித்துவப் போதகர். புவியியல் பாடநூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். மகன் யேல் கல்லூரியில் பயின்றார். அங்கு மின்சாரத்தைப் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டார் எனினும், அவருடைய உள்ளம் ஓவியத்தையே நாடியது. சிறு உருவப்படங்கள் வரைந்து விற்றுக் கல்லூரிச் செலவின் ஒரு பகுதியைத் தாமே ஈட்டிக்கொண்டார். 1811இல் இலண்டன் சென்று ஓவியக் கலை பயின்று, 1815இல் தாயகம் திரும்பினார். 1818இல் லுக்ரீசியா என்னும் மங்கையை மணந்தார்.

1825ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், லஃபாயத் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுத் தளபதியின் உருவத்தை வரைவதற்காக மோர்ஸ் வாஷிங்டனில் தங்கியிருந்தார். பெரிய ஊதியம் தரும் வேலை அது. மனைவியோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் நியூ ஹேவன் நகரில், மூன்றாவது குழந்தையைப் பெற்று ஓய்விலிருந்தார். பிப்ரவரி 7ஆம் நாள் அவ்வம்மையார் திடீரென உயிர்நீத்தார். அவருக்கு வயது 25. தந்தையார் உடனே கடிதம் எழுதினார். ஆனால் அக்காலத்துக் கடிதம் குதிரை வண்டியில் அன்றோ சென்றது! கடிதம் கைக்குக் கிடைத்துக் கணவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது, அடக்கமே முடிந்துவிட்டது. மனைவியின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை.

நம் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர்க்கு இத்துயரை விளக்க வேண்டியதில்லை. கிராணியார் கையில் தந்தியுடன் லயத்தை நோக்கி நடந்து வந்தால், தாளைப் பிரிப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். அச்சத்தைத் தந்த தாள்தான். எனினும் அது விரைந்து வந்தமையால், பேருந்து பிடித்து ஓடித் தாயின் முகத்தைக் கண்டவர்களும் உண்டு.

மனைவியின் மரணமே மோர்ஸைத் தந்தி காணத் தூண்டியது என்று சில நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு உறுதியாகக் கூற நான் துணியேன். அதற்குப் பின்னும் ஏழு ஆண்டுகள் அவர் ஓவியராகவே வாழ்ந்தார். 1832ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சிலிருந்து சல்லி என்னும் கப்பலில் திரும்பினார். சார்ல்ஸ் ஜாக்சன் என்ற சக பயணி உணவு மேசையில் மின்காந்தத்தைப் பற்றிப் பேசினார். மின்சாரம் எவ்வளவு நீண்ட கம்பியிலும் நொடியில் பாயுமானால், அதைக்கொண்டு செய்தியை ஏன் அனுப்பக் கூடாது என்னும் எண்ணம் அங்குதான் மோர்ஸுக்கு உதித்தது. கப்பல் நியூயார்க்கை அடைவதற்குள் குறிப்பேட்டில் படங்கள் வரைந்துவிட்டார்.

எண்ணம் உதித்தது எளிது. கருவி அமைந்தது எளிதன்று. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியராக இருந்தும், வருவாய் மிகக் குறைவு. ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கி, ஆய்வும் செய்தார். ஓவியத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம், பழைய கடிகாரத்தின் சக்கரங்கள், ஒரு மின்காந்தம், ஒரு பென்சில் ஆகியவற்றைச் சேர்த்து முதற்கருவியைச் செய்தார். மறுமுனையில் மின்சாரத்தைத் தொடுத்தும் விடுத்தும் அனுப்பினால், மின்காந்தம் இரும்பை இழுக்கும்; பென்சில் நகர்ந்து, ஓடும் தாளில் கோடிடும்.

ஆனால் சுமார் 12 மீட்டர் கம்பிக்கு மேல் அக்கருவி வேலை செய்யவில்லை! போகப்போக மின்சாரத்தின் வலிமை குன்றியது. நம் பழைய மாணவரின் வினாத்தாளில் இருந்த அதே இடர்ப்பாடு. அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த லெனார்ட் கேல் உதவிக்கு வந்தார். ஜோசப் ஹென்றி என்னும் அறிவியலறிஞர் 1831இல் வெளியிட்ட ஆய்வைக் கேல் படித்திருந்தார், மோர்ஸ் படித்திருக்கவில்லை. ஒரு மின்கலத்திற்குப் பதிலாகப் பலவற்றை வரிசையாக இணைக்கவும், மின்காந்தத்தில் கம்பியைப் பன்மடங்கு சுற்றவும் கேல் சொல்லிக்கொடுத்தார். செய்தி 16 கிலோமீட்டர் கம்பியைக் கடந்தது.

அதற்கு மேலும் தொலைவு வேண்டுமே! அதற்காக அமைந்ததுதான் இடைநிலைக் கருவி. களைத்து வரும் மின்சாரம் ஒரு சிறு நெம்புகோலை அசைத்தால் போதும். அந்நெம்புகோல், தனி மின்கலத்தையுடைய அடுத்த கம்பியை இணைத்துவிடும். புதிய வலிமையுடன் அதே செய்தி மேலே செல்லும். நம் விளையாட்டுப் போட்டியின் அஞ்சல் ஓட்டத்தில், களைத்தவர் கையிலுள்ள கோலை அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓடுவது போன்றதே இது. இன்றைய கணினி வலையமைப்பில் இடையிடையே வைக்கப்படும் கருவிகளும் செய்தியைப் பெற்றுப் புதுப்பித்தே மேலே அனுப்புகின்றன.

ஆல்பிரட் வேல் என்னும் இளைஞர் 1837இல் உடன் சேர்ந்தார். அவருடைய தந்தைக்கு இரும்பாலை இருந்தது. பணமும் பட்டறையும் கிடைத்தன. புள்ளியும் கோடுமாகிய எழுத்துமுறையும் உருவாயிற்று. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறைந்த நேரம் பிடிக்கும் குறி வேண்டும். எவ்வெழுத்து மிகுதி என்பதை எவ்வாறு அறிவது? அச்சகத்திற்குச் சென்று, ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை அச்சுகள் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களாம். 'ஈ' என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்தது. இதில் வேலின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மேலும், அதே 1837இல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் ஆகிய இருவரும் வேறொரு வகைத் தந்தியை அமைத்திருந்தனர். மோர்ஸ் ஒருவரே அனைத்தையும் கண்டார் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

அரசாங்கத்தின் பொருளுதவிக்காக அவர் ஐந்தாண்டுகள் காத்திருந்தார். நாடாளுமன்றத்தில் சிலர் நகைத்தனர். தொகையில் பாதியை மனோவசிய ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று ஓர் உறுப்பினர் கேலி செய்தார். 1843இல் 89க்கு 83 என்னும் வாக்குகளில் கீழவையில் தீர்மானம் தப்பிப் பிழைத்தது. மேலவையின் இறுதி நாள் இரவில் நம்பிக்கை இழந்து விடுதிக்குச் சென்று படுத்தவரிடம், 30,000 டாலர் கிடைத்துவிட்டது என்னும் செய்தியை மறுநாட் காலையில் அன்னி எல்ஸ்வர்த் என்னும் இளம்பெண் வந்து கூறினார்.

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஏறத்தாழ 64 கிலோமீட்டர். கம்பியை ஈயக் குழாயிலிட்டு மண்ணில் புதைக்கத் தொடங்கினர். பெரும்பாலான பணம் கரைந்த பின்னரே, குழாய்க்குள் மின்சாரம் கசிவது தெரிந்தது. செய்தித்தாள்கள் அறியாமல் வேலையை நிறுத்துவதற்காக, எஸ்ரா கார்னெல் என்பவர் குழி பறிக்கும் ஏரை வேண்டுமென்றே பாறையில் மோதி உடைத்தாராம்! பின்னர் மரக்கம்பங்கள் நட்டு, கண்ணாடிக் காப்புகளுடன் கம்பியை வானில் கட்டினர். 1844 மே 1ஆம் நாள், வேலை முடியும் முன்பே, பால்டிமோரில் கூடிய ஓர் அரசியல் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த செய்தியைப் பாதிவழி நிலையத்திலிருந்து வேல் அனுப்பினார். அதே செய்தியைச் சுமந்த இரயில் வண்டி பின்னரே வாஷிங்டன் வந்து சேர்ந்தது. நகைத்தவர்கள் அன்று வாயடைத்தனர். மே 24ஆம் நாள் முழுவழியும் திறக்கப்பட்டு, அன்னி தேர்ந்தெடுத்த விவிலியத் தொடர் முதற்செய்தியாகச் சென்றது.

அதன்பின் தந்தி காட்டுத்தீயெனப் பரவியது. ஒவ்வொரு நாடும் தனித்தனி விதி வைத்திருந்ததால், எல்லையில் செய்தி தடைப்பட்டது. 1865இல் பாரிசில் பல நாடுகள் கூடி, பன்னாட்டுத் தந்தி ஒன்றியத்தை அமைத்துப் பொதுவிதிகளை வகுத்தன. அவ்வொன்றியமே பெயர் மாறி, ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் கிளையாக ஜெனீவாவில் இன்றும் இயங்குகிறது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி திறக்கப்பட்டது. கப்பல் பல நாள் சுமந்து வந்த செய்தி, அன்று முதல் கடலுக்கடியில் விரைந்தது.

தேர்வும் வந்தது. 1906இல் பெர்லினில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, கப்பலில் கம்பியில்லாத் தந்தி இயக்குபவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றது. கருவியைச் சரிப்படுத்தத் தெரிய வேண்டும். நிமிடத்திற்கு 20 சொற்கள் அனுப்பவும் காதால் கேட்டு எழுதவும் வேண்டும். விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். நம் பழைய மாணவரின் பாடத்திட்டத்திலும் கருவி, செய்முறை, விதி என்னும் இம்மூன்றும் இருப்பதைக் கண்டு வியந்தேன். கப்பல்களில் மோர்ஸ் ஒலி 1999இல்தான் விடைபெற்றது.

அவருடைய குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1836இல் வெளிநாட்டிலிருந்து குடியேறுவோரை எதிர்த்த கட்சியின் சார்பில் நியூயார்க் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்; அடிமை முறையை ஆதரித்தும் எழுதினார். கடல் கடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதை மறைத்து எழுதுவது முறையன்று.

1871 ஜூன் 10ஆம் நாள் நியூயார்க்கில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அன்றிரவு நிகழ்ந்த விழாவில், அவருடைய வாழ்த்துச் செய்தியைத் தந்திப் பணியாளர் ஒருவர் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பினார். பின்னர் 80 வயது முதியவர் மெல்ல வந்து கருவியின் முன் அமர்ந்து, தம் பெயரைத் தம் விரலாலேயே தட்டினார். அவையினர் எழுந்து ஆரவாரித்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அவர் காலமானார். அச்செய்தி கடிதத்திற்குக் காத்திருக்கவில்லை. தந்திக் கம்பிகளில் ஊர் ஊராகச் சென்றது.