சூசையப்பருக்கு வளன் என்று ஒரு பெயர்

தவக்காலத்தின் நடுவே, கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும் மார்ச் 19-ல் புனித சூசையப்பர் திருவிழா வருகிறது. அன்று நமக்கு வீரமாமுனிவர் நினைவு வரும். 1680-ல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைக் குருவாகி, கோவில்பட்டி அருகே நம் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றி, 1747-ல் மறைந்தவர்.

நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு கண்டார், எழுந்தார், செய்தார், அவ்வளவுதான். அந்தத் தச்சரைத் தலைவராக்கி முனிவர் தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடினார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரில் பெருகுதல் என்ற பொருள் இருப்பதால், தமிழில் வளன் என்றார்.

மழை பொய்த்த ஓர் ஆண்டில் அந்தப் பெயரைப் பீடத்தில் சொல்ல நாம் தயங்கினோம். பருத்தி கருகிப்போன வீட்டாரோ, திருமுழுக்குக்குக் கொண்டுவந்த பிள்ளைக்கு வளன் என்றே பெயர் கேட்டார்கள்.