மேரி வர்கீஸ் அம்மையார்

உடற்குறையை வென்றவர் என்று ஒருவரைப் பாராட்டும்போது, அவருடைய மனவுறுதியைப் பேசியதோடு நாம் அமைதியடைந்து விடுகிறோம். டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாற்றையும் அவ்வாறே சொல்வது வழக்கம். மனவுறுதி அவருக்கு இருந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் எனக்கு அவரிடம் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தம்மைப் போன்றவர்களுக்கென ஒரு துறையை வளர்த்து, ஒரு நிலையத்தை எழுப்பி, தமக்குப் பின்னும் அது நடக்குமாறு செய்துவிட்டுப் போனார். அந்தப் பகுதியைத்தான் இங்கே சற்று விரித்துக் கூற விரும்புகிறேன்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டு கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்னும் ஊரில் பிறந்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். 1954-இல் உடன் பணியாற்றியவர்களோடு உலாச் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, தண்டுவடம் காயமுற்று இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

தண்டுவடக் காயம் என்றால் அந்நாளில் என்ன பொருள் என்பதை நாம் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இவ்வாறு அடிபட்டோரில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். அவர்களைக் கொன்றது எலும்பு முறிவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே கொன்றன. உணர்வற்ற உடம்பு தன்மேல் விழும் அழுத்தத்தை அறியாது, ஆதலால் புரளாது, தோல் அழுகும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்பவர் நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தே பலரைப் பிழைக்கவைத்தார். அதற்கு அருமருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. கடிகாரமும் சலியாத செவிலியரும் போதும்.

நாம் வாழும் இந்தப் புனேயில் படைவீரர்களுக்கு ஓரளவு ஏற்பாடு இருந்தது. 1917-இல் தோன்றிய ராணி மேரி தொழிற்பயிற்சி நிலையம் பின்னர் கிர்க்கிக்கு வந்தது. 1944-இல் செயற்கை உறுப்பு நிலையம் வந்தது. ஆனால் பனையிலிருந்து விழுந்த தொழிலாளிக்கும், கிணறு வெட்டும்போது மண் சரிந்து முதுகொடிந்தவனுக்கும் யார் இருந்தார்கள்? வீட்டுத் திண்ணையில் கிடந்து மடிவதே அவர்கள் கண்ட வழி.

வேலூரில் அக்காலத்தில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவையால் சீராக்கி வந்தார். நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு மாற்றிப் பொருத்தும் நுட்பம் அது. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். இந்த எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டு அவர் மேரி அம்மையாரைச் சக்கர நாற்காலியோடு அறுவைக் கூடத்துக்கு அழைத்தார். கால்களில் உணர்விழந்தவர், கைகளில் உணர்விழந்தோருக்கு விரல்களை மீட்டுத் தந்தார்! இதை வியப்பதற்கு நான் மறுக்கவில்லை; எனினும் பலர் தம் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

அம்மையார் முடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1963-இல் வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

பெரிய மருத்துவமனை இருப்பது ஊர் நடுவே. பாகாயம் இருப்பது ஊருக்கு வெளியே. முறிவைக் கவனிப்பது ஓரிடம், வாழக் கற்பிப்பது மற்றோரிடம். இத்தகைய இடைவெளியில்தான் நோயாளிகள் தவறிப்போவார்கள் என்பது என் கருத்து. இரண்டு இடங்களுக்கும் பொறுப்பான ஒரே துறை, அதற்கு ஒரு தலைவர் என்று அமைந்ததால் அந்த இடைவெளிக்குக் கேட்பார் இருந்தார். மேலும் நியூயார்க்கில் கற்றதை அப்படியே இங்கு இறக்கிவைக்க இயலாது. நம் கிராமத்து வீட்டில் வாசற்படி உயரம், கதவு குறுகல், கழிப்பிடம் தரையோடு தரை. செவிலி வேலை பார்ப்பவள் தாயோ மனைவியோ. பயிற்சி அவளுக்கும் வேண்டும்.

1972-இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அம்மையார் மறைந்தார். கிர்க்கியில் முடங்கிய படைவீரர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1974-இல்தான் வந்தது என்பதை ஒப்பிட்டால், வேலூர் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

நம் கல்லூரிகளுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைத்தபின்? வகுப்பு ஒரு வளாகத்தில், ஆய்வுக்கூடம் மற்றொன்றில், விடுதி வேறெங்கோ. ஒவ்வோரிடத்திலும் ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்கிறார். நான் பயிலும் கட்டடத்தில் சாய்தளம் உண்டு. அது ஏறி முடியுமிடத்தில் ஒரு படியும் உண்டு! கட்டியவர் அதை எப்படிக் காணாமல் விட்டாரோ, தெரியவில்லை.

நம் சங்கத்தின் பொங்கல் விழா ஆண்டுதோறும் மாடி மண்டபத்தில் நடைபெறுகிறது; மின்தூக்கி அங்கில்லை. இவ்வாண்டு அதைக் கீழ்த்தளத்தில் நடத்தலாமா என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். கீழே இருக்கைகள் குறைவு, ஒலிபெருக்கியும் சரியில்லை என்கிறார்கள். இரண்டையும் வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.