21 வயது மாணவர் எழுதிய கட்டுரை

பட்டம் வாங்குவதற்காக மாணவர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பல, நூல்நிலைய அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். ஆனால் 21 வயது மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை உலகத்தையே மாற்றிவிட்டது. இன்றைய கம்ப்யூட்டர், செல்போன் எல்லாவற்றுக்குள்ளும் அதில் கண்ட தத்துவம்தான் வேலை செய்கிறது.

அந்த மாணவரின் பெயர், கிளாட் ஷானன்.

வேலியில் ஓடிய தந்தி

ஷானன் 1916-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை.

சிறுவன் ஷானனுக்கு மின்சார விளையாட்டு என்றால் உயிர். அரை மைலுக்கு அப்பால் ஒரு நண்பன் இருந்தான். அவனோடு பேச, வழியில் இருந்த முள்கம்பி வேலியையே தந்திக் கம்பியாக்கி விட்டான்!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணிதம், மின்சார என்ஜினீயரிங் இரண்டிலும் 1936-ல் பட்டம் பெற்றார். அடுத்து என்ன செய்வது? அறிவிப்புப் பலகையில் ஒரு தபால் கார்டு கண்ணில் பட்டது. எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்லூரியில் ஓர் யந்திரத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவை. படித்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம். ஷானன் புறப்பட்டார்.

டிக் டிக் யந்திரம்

அந்த யந்திரத்தை உருவாக்கியவர் வானிவர் புஷ் என்ற பேராசிரியர். கடினமான கணக்குகளைப் போட, ஓர் அறை நிறையப் பற்சக்கரங்களும் இரும்புத் தண்டுகளும் சுழலும். அதை இயக்க சுமார் 100 ரிலேக்கள் இருந்தன. ரிலே என்பது மின்சாரத்தால் தானே திறந்து மூடும் சுவிட்ச்.

டெலிபோன் நிலையங்களிலும் ரிலேக்கள் ஏராளம். அவற்றை எப்படி இணைப்பது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. அனுபவத்தை வைத்து இணைப்பார்கள். சரிவராவிட்டால் மாற்றிப் பார்ப்பார்கள்.

ஷானனுக்குப் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜார்ஜ் பூல் என்ற ஆங்கில மேதை, மனிதன் யோசிக்கும் முறையை 1854-ல் கணக்காக எழுதியிருந்தார். உண்மை என்றால் 1. பொய் என்றால் 0. அதைத் தர்க்க சாஸ்திரம் என்று நினைத்தார்களே தவிர, மின்சாரத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் மிகச் சிலரே.

இரண்டு சுவிட்ச், ஒரு விளக்கு

ஒரே கம்பியில் இரண்டு சுவிட்சுகளை அடுத்தடுத்து வைத்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும். தனித்தனிக் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றைப் போட்டாலே எரியும். இதுவோ, அதுவோ போதும்.

பூலின் கணக்கும் இதேதான்! அப்படியானால் கம்பியைத் தொடுவதற்கு முன்பே, காகிதத்தில் கணக்குப் போட்டு வேண்டாத ரிலேக்களை நீக்கிவிடலாம். ரிலேக்களைக் கொண்டு எண்களைக் கூட்டவும் செய்யலாம். பொத்தான்களைச் சரியான வரிசையில் அழுத்தினால்தான் திறக்கும் மின்சாரப் பூட்டையும் உதாரணமாகக் காட்டினார்.

பேராசிரியர் பிராங்க் ஹிட்ச்காக் மேற்பார்வையில் எழுதிய இந்தக் கட்டுரையை, 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ஷானன் சமர்ப்பித்தார். மறு ஆண்டே அது என்ஜினீயர்களின் பத்திரிகையில் வெளிவந்தது. எம்.எஸ். பட்டம் கைக்கு வந்ததோ 1940-ல்தான்! டாக்டர் பட்டமும் கூடவே வந்தது.

வழி கண்ட எலி

செய்தி அனுப்பும் கலைக்கே 1948-ல் கணக்கு வகுத்து ஷானன் பெரும்புகழ் பெற்றார். ஆனாலும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. 1950-ல், சிக்கலான பாதையில் தானே வழி கண்டுபிடிக்கும் பொம்மை எலி ஒன்றைச் செய்தார். அதன் மூளை, தளத்துக்கு அடியில் மறைந்திருந்த ரிலேக்கள்தான்! பின்னாளில் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார்.

யந்திரங்களுக்கு யோசிக்க வழிகாட்டிய அவரைக் கடைசிக் காலத்தில் மறதி நோய் பற்றிக்கொண்டது. தாம் செய்ததன் பலன் உலகெங்கும் பரவிய நாளில், அதை உணரும் நிலையில் அவர் இல்லை. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, 84-வது வயதில் காலமானார்.

தர்க்க வகுப்பில் படித்ததை யந்திர அறையிலும் மறக்காத மாணவர் அவர். இன்று வீட்டில் யாராவது செல்போனைத் தொடும்போது, அந்த மாணவரின் கணக்கு மீண்டும் ஒரு முறை போடப்படுகிறது.